விதி எங்கே இருக்க வேண்டும்? பேக்கெண்ட் வேலைக்காக ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் கற்கும் வழி

ஆப்ஜெக்ட் ஓரியன்டட் புரோகிராமிங் பாடங்களில் பெரும்பாலும் முதலில் வருவது விலங்கு என்றொரு கிளாஸ், அதாவது ஆப்ஜெக்ட்களை உருவாக்கும் அச்சு. அதிலிருந்து நாய் பிறக்கும், பூனை பிறக்கும். ஒன்று குரைக்கும், இன்னொன்று கத்தும். இதைப் படித்து முடித்தவர் வேலைக்குச் சேர்ந்து, சர்வரில் ஓடும் ஒரு பேக்கெண்ட் நிரலைத் திறந்தால், அங்கே ரிக்வெஸ்ட் வருகிறது, டேட்டாபேஸில் எழுதுகிறது, இமெயில் போகிறது. படித்ததற்கும் பார்ப்பதற்கும் நடுவில் பாலமே இல்லை.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்பிசம் என்று நான்கின் வரையறையும் மனப்பாடம். ஆனால் 'ரத்தான முன்பதிவை மறுபடியும் உறுதிசெய்ய முடிகிறது, சரிசெய்யுங்கள்' என்று ஒரு பக் என்னிடம் வந்தபோது, அந்தத் தடையை எந்த ஃபைலில் எழுதுவது என்று தெரியாமல் ஒரு நாள் முழுக்கத் தேடினேன். கடைசியில் ஐந்து இடங்களில் எழுதினேன். ஆறாவது இடம் ஒன்று இருந்தது, அது பிறகுதான் தெரிந்தது.

அந்த ஆறாவது இடம்தான் எனக்குப் பாடம் சொல்லித் தந்தது. பேக்கெண்டில் ஆப்ஜெக்ட் என்றால், ஒரு விதியும் அந்த விதி காக்க வேண்டிய தரவும் ஒன்றாக இருக்கும் இடம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வரிசையாக வரும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு நூலைப் பிடித்துத்தான் போகிறது.

மாறி, லூப், ஃபங்ஷன் இவை ஏதாவது ஒரு மொழியில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்கியூஎல் கொஞ்சம் தெரிந்தால் போதும். ஜாவா, சி ஷார்ப், பைத்தான், பிஎச்பி, டைப்ஸ்கிரிப்ட் எதுவானாலும் சரி. மொழியைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வாரம் செலவழிக்க வேண்டாம். ஆனால் ஒன்றை எடுத்தபின் நடுவில் மாற்றாதீர்கள்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதையும் இரண்டு வரியில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது உதவும். 1960களில் நார்வேயின் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் இருவரும் சிமுலா என்ற மொழியை உருவாக்கினார்கள். நிஜ உலகின் அமைப்புகளைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் நோக்கம். அங்கே ஒவ்வொரு பொருளும் தன் நிலையையும் தன் நடத்தையையும் தானே சுமந்தது. கிளாஸ், துணை கிளாஸ் என்ற இரண்டும் சிமுலா 67-இல் வந்தவை. பிறகு ஆலன் கே தன் குழுவினரோடு ஸ்மால்டாக்கை உருவாக்கியபோது, ஆப்ஜெக்ட்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்வதே இதில் முக்கியம் என்று வலியுறுத்தினார். அதாவது, இன்னொரு ஆப்ஜெக்டின் உள்ளே கைவிட்டு எடுக்காதே, அதனிடம் கேள். பேக்கெண்ட் எழுதும்போது இந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்.

படி 1: முதலில் கிளாஸ் இல்லாமல் எழுதுங்கள்

வழி முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம்: அலுவலகத்தின் கூட்ட அறைகளை முன்பதிவு செய்யும் சேவை. அறையைக் கேட்கலாம், பொறுப்பாளர் உறுதிசெய்யலாம், நேரத்தை மாற்றலாம், ரத்து செய்யலாம். ஒரே அறையில் ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்கள் இருக்கக் கூடாது.

இதை வெறும் ஃபங்ஷன்களாலும் டிக்ஷனரிகளாலும் எழுதுங்கள். கிளாஸே வேண்டாம். புதிய முன்பதிவுக்கு ஒரு ஃபங்ஷன், நேரம் மாற்ற ஒன்று, எக்செல் ஃபைலிலிருந்து மொத்தமாக ஏற்ற ஒன்று. மூன்றிலும் 'நேரம் மோதுகிறதா' என்ற சரிபார்ப்பு வந்திருக்கும். எழுதும்போது எந்தச் சிரமமும் தெரியாது.

அப்புறம் உங்களுக்கு நீங்களே ஒரு மாற்றம் கொடுங்கள்: இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் 15 நிமிடம் இடைவெளி வேண்டும். இப்போது மூன்று இடங்களைத் தேடித் திருத்த வேண்டும். மொத்தமாக ஏற்றும் ஃபங்ஷனை மறந்துவிட வாய்ப்பு அதிகம், ஏனென்றால் அதைத் தினமும் யாரும் தொடுவதில்லை. இந்த வலியை உணராமல் கிளாஸ் கற்றால் அது வெறும் எழுத்து முறையாகவே நின்றுவிடும். அதனால் இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

படி 2: சின்ன ஆப்ஜெக்டில் தொடங்குங்கள்

முன்பதிவு, அறை, பயனர் என்று பெரியவற்றை உடனே கிளாஸாக்கத் தோன்றும். பொறுங்கள். உங்கள் நிரலில் எப்போதும் ஜோடியாகவே அலையும் இரண்டு மதிப்புகள் இருக்கின்றன: தொடக்க நேரம், முடிவு நேரம். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு அர்த்தமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு விதியும் உண்டு: முடிவு எப்போதும் தொடக்கத்துக்குப் பிறகுதான். தரவும் விதியும் சேர்ந்தே கிடக்கின்றன, ஒரு வீடுதான் இல்லை. அந்த வீட்டைக் கட்டுவோம். கீழே இருப்பது எந்த மொழியும் அல்ல, உங்கள் மொழியில் நீங்களே மாற்றி எழுதுங்கள்.

    கிளாஸ் நேரஇடைவெளி
        தொடக்கம், முடிவு
        உருவாக்கும்போது:
            முடிவு <= தொடக்கம் என்றால் பிழை
        மோதுகிறதா(மற்றது):
            தொடக்கம் < மற்றது.முடிவு
            மற்றும் மற்றது.தொடக்கம் < முடிவு

மோதலைச் சரிபார்க்கும் அந்த ஒரு நிபந்தனையை நன்றாகப் பாருங்கள். பலர் இதை நான்கு வகையாகப் பிரித்து எழுதுவார்கள்: முன்பக்கம் மோதுவது, பின்பக்கம் மோதுவது, உள்ளே அடங்குவது, வெளியே சூழ்வது. நான்குக்கும் இந்த ஒரே நிபந்தனை போதும். குறி < என்று இருப்பதால் 10 மணிக்கு முடியும் கூட்டமும் 10 மணிக்குத் தொடங்கும் கூட்டமும் மோதாது. தொடக்கம் உள்ளே சேரும், முடிவு சேராது. இந்த முடிவு ஒரே இடத்தில் எடுக்கப்பட்டு, ஒரே இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 15 நிமிட இடைவெளி வந்தாலும் இந்த வீட்டுக்குள்தான் மாற்றம்.

கன்ஸ்ட்ரக்டரில், அதாவது ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதியில், சரிபார்ப்பதன் பலன் பெரியது. தவறான நேரஇடைவெளி என்று ஒன்று உங்கள் நிரலில் பிறக்கவே முடியாது. ஆகவே அதைக் கையில் வாங்கும் எந்த ஃபங்ஷனும் மறுபடி சரிபார்க்கத் தேவையில்லை.

இப்படிப்பட்ட ஆப்ஜெக்ட்களை உருவாக்கியபின் மாற்ற முடியாதபடி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மாறினால் புதிய இடைவெளி ஒன்றை உருவாக்கி, பழையதற்குப் பதில் வைக்கலாம். ஜாவாவில் இதற்கென்றே ரெக்கார்ட் இருக்கிறது, 2021-இல் வந்த ஜாவா 16 முதல் முழுமையாகக் கிடைக்கிறது. பைத்தான் 3.7 முதல் டேட்டாகிளாஸ் உண்டு, அதில் ஃப்ரோசன் என்ற அமைப்பைப் போட்டால் போதும். இவை இரண்டும் சமத்துவத்தையும் பார்த்துக்கொள்ளும்: ஒரே தொடக்கமும் ஒரே முடிவும் கொண்ட இரண்டு இடைவெளிகள் சமம். ஜாவாவில் சாதாரண கிளாஸாக எழுதினால், ஈக்வல்ஸ் மெத்தடை (மெத்தட் என்பது கிளாஸுக்குள் இருக்கும் ஃபங்ஷன்) மாற்றும்போது ஹாஷ்கோட் மெத்தடையும் சேர்த்து மாற்ற வேண்டும். மறந்தால் ஹாஷ்மேப்பில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாமல் போகும். தேடிக் கண்டுபிடிக்கக் கஷ்டமான பக் அது.

பணத்துக்கும் இதே பாடம். பல மொழிகளில் 0.1-யும் 0.2-யும் கூட்டினால் 0.30000000000000004 வரும், ஏனென்றால் இந்த எண்களை இரும முறையில் துல்லியமாக வைக்க முடியாது. ஆகவே தொகையும் நாணயமும் சேர்ந்த 'பணம்' என்ற கிளாஸை எழுதி, தொகையைத் தசம வகையிலோ முழு எண்ணிலோ வையுங்கள். இரண்டு வெவ்வேறு நாணயங்களைக் கூட்ட முயன்றால் அந்தக் கிளாஸே மறுக்கட்டும்.

படி 3: நிலை மாறும் ஆப்ஜெக்ட், செட்டரை விட்டொழிப்பது

இப்போது முன்பதிவுக்கு வரலாம். நேரஇடைவெளியிலிருந்து இது வேறு ஜாதி. இதற்கு ஓர் அடையாளம் உண்டு. நேரம் மாறினாலும், அறை மாறினாலும், 4012-ஆம் எண் முன்பதிவு அதே முன்பதிவுதான். இதற்கு ஒரு வாழ்க்கையும் உண்டு: கோரப்பட்டது, உறுதியானது, ரத்தானது.

பெரும்பாலான பாடங்கள் இங்கே என்ன சொல்கின்றன? எல்லா மாறிகளையும் வெளியிலிருந்து தொட முடியாதபடி பிரைவேட் ஆக்கு, ஒவ்வொன்றுக்கும் படிக்க ஒரு கெட்டர், மாற்ற ஒரு செட்டர் எழுது, அதுதான் என்கேப்சுலேஷன். இது தவறான பாடம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நிலையை மாற்ற ஒரு செட்டர் இருந்தால், யார் வேண்டுமானாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் ரத்தானதை உறுதியாக்கலாம். கதவைப் பூட்டிவிட்டு சாவியைக் கதவிலேயே தொங்கவிட்ட கதை. என்னுடைய ஆறு இடங்களும் அப்படித்தான் உருவாயின: ஒவ்வொரு இடமும் செட்டரை நேராக அழைத்தது, ஒவ்வொரு இடமும் விதியைத் தானே நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

செட்டரை எடுத்துவிட்டு, அந்த வேலையைச் செய்பவர்கள் வாயில் வரும் வினைச்சொல்லையே மெத்தடாக்குங்கள்:

    கிளாஸ் முன்பதிவு
        எண், அறை, நேரம், நிலை
        உறுதிசெய்():
            நிலை "கோரப்பட்டது" இல்லையென்றால் பிழை
            நிலை = "உறுதி"
        ரத்துசெய்(இப்போது):
            நிலை "ரத்து" என்றால் பிழை
            நேரம்.தொடக்கம் <= இப்போது என்றால் பிழை
            நிலை = "ரத்து"

இனி அந்த பக் வந்தால் தேட வேண்டியது ஒரே இடம். 1972-இல் டேவிட் பார்னஸ் மாட்யூல்களைப் பற்றி எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: மாறக்கூடிய ஒவ்வொரு முடிவையும் ஒரு மாட்யூலுக்குள் மறைத்து வை. தரவை மறைப்பது மட்டும் போதாது, முடிவை மறைக்க வேண்டும். 'தொடங்கிவிட்ட கூட்டத்தை ரத்து செய்ய முடியாது' என்பது ஒரு முடிவு. நாளை அது 'இரண்டு மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும்' என்று மாறும். வெளியே இருப்பவர்களுக்கு அது தெரியவே வேண்டியதில்லை.

சரி, அடுத்த கேள்வி கொஞ்சம் கடினம். 'ஒரே அறையில் இரண்டு கூட்டம் கூடாது' என்ற விதி எந்தக் கிளாஸுக்குச் சொந்தம்? ஒரு முன்பதிவுக்கு மற்ற முன்பதிவுகளைத் தெரியாது. ஆகவே அங்கே வைக்க முடியாது. அந்த விதி காக்கும் தரவு எது என்று கேளுங்கள். ஓர் அறையின் ஒரு நாளைய முன்பதிவுகள் எல்லாம் சேர்ந்த பட்டியல். அப்படியானால் அதற்கு ஒரு கிளாஸ் வேண்டும்: அறை அட்டவணை. அதற்கு 'சேர்' என்று ஒரு மெத்தட். உள்ளே இருக்கும் எல்லா முன்பதிவுகளின் நேரத்தோடும் மோதலைப் பார்த்துவிட்டுத்தான் சேர்க்கும். புதியவர்கள் கண்ணில் இந்தக் கிளாஸ் படுவதில்லை, ஏனென்றால் தேவைகளின் பட்டியலில் அது பெயர்ச்சொல்லாக வந்திருக்காது. பெயர்ச்சொற்களைத் தேடினால் அறையும் பயனரும்தான் கிடைக்கும். விதிகளைத் தேடினால்தான் அட்டவணை கிடைக்கும்.

நள்ளிரவைத் தாண்டும் கூட்டத்தை எந்த நாளின் அட்டவணையில் வைப்பது? இதை நீங்களே யோசித்து முடிவெடுங்கள். இப்படிப்பட்ட கேள்வி எழுவதே எல்லையைச் சரியாக வரையத் தொடங்கிவிட்டீர்கள் என்பதற்கு அடையாளம்.

படி 4: ஒரே நொடியில் இரண்டு பேர்

கிளாஸ் பாடங்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது இதைத்தான். உங்கள் அறை அட்டவணை ஆப்ஜெக்ட் நினைவகத்தில் இருக்கிறது. நிஜத்தில் உங்கள் சர்வர் பல பிரதிகளாக ஓடும். ஒரே அறையை ஒரே நேரத்துக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் கேட்டால், இரண்டு பிரதிகளும் டேட்டாபேஸிலிருந்து ஒரே அட்டவணையைப் படிக்கும். இரண்டும் 'மோதல் இல்லை' என்று சரியாகவே சொல்லும். இரண்டும் எழுதும். ஒவ்வொரு ஆப்ஜெக்டும் விதியைக் காத்தது, ஆனால் விதி உடைந்துவிட்டது.

இதற்கு ஒரு எளிய வழி வெர்ஷன் எண். அட்டவணையின் டேட்டாபேஸ் வரிசையில் வெர்ஷன் என்று ஒரு நெடுவரிசை வையுங்கள். படிக்கும்போது 7 இருந்தால், எழுதும்போது 'வெர்ஷன் இன்னும் 7 ஆக இருந்தால் மட்டும் 8 ஆக்கு' என்று கேளுங்கள். புதிய முன்பதிவை எழுதுவதும் இதுவும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் (எல்லாம் நடக்கும், இல்லையென்றால் எதுவும் நடக்காது) இருக்க வேண்டும். முதலில் வந்தவர் வெல்வார். இரண்டாமவருக்கு மாறிய வரிசைகள் 0 என்று பதில் வரும். அப்போது டிரான்சாக்ஷனைத் திரும்பப் பெற்று, மறுபடி படித்துச் சரிபார்க்கலாம், அல்லது மோதலைக் குறிக்கும் எச்டிடிபி 409 குறியீட்டை அனுப்பி 'அறை இப்போதுதான் போய்விட்டது' என்று சொல்லலாம். டேபிள் வரிசைகளை ஆப்ஜெக்ட்களாக மாற்றித் தரும் ஹைபர்னேட் போன்ற ஓஆர்எம் கருவிகளில் இது ஒரே குறிப்பில் கிடைக்கும். போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தினால், நேர வரம்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்று டேட்டாபேஸுக்கே கட்டுப்பாடு விதிக்கலாம்.

'அப்படியானால் கிளாஸில் எதற்கு விதி?' என்று கேட்கலாம். கிளாஸ் விதியைப் புரியும்படி சொல்கிறது, நல்ல பிழைச்செய்தி தருகிறது, நொடியில் சோதிக்க முடிகிறது. டேட்டாபேஸ் கடைசிக் காவல். இரண்டும் வேண்டும்.

ஒரு பயிற்சி: இரண்டு திரெட்களிலிருந்து (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடுபவை) ஒரே நேரத்தில் ஒரே அறையைக் கேட்கும் சிறு நிரல் எழுதி, வெர்ஷன் இல்லாமல் ஓட்டுங்கள். டேபிளில் இரண்டு முன்பதிவு நிற்பதைக் கண்ணால் பாருங்கள். பிறகு வெர்ஷனைச் சேர்த்து ஓட்டுங்கள்.

படி 5: ரிக்வெஸ்ட் உள்ளே வந்து வெளியே போகும் பாதை

இப்போது ஒரு வெப் ஃபிரேம்வொர்க்கை எடுக்கலாம். பாதை பொதுவாக இப்படி இருக்கும். கன்ட்ரோலர் ரிக்வெஸ்டைப் பிரித்து, உரையாக வந்ததை நேரஇடைவெளியாக மாற்றும். சர்வீஸ் அட்டவணையை எடுத்துவரச் சொல்லும், அதனிடம் 'சேர்' என்று கேட்கும், சேமிக்கச் சொல்லும். ரெப்பாசிட்டரி டேட்டாபேஸோடு பேசும். சர்வீஸ் ஒருங்கிணைக்கும் வேலையை மட்டும் செய்ய வேண்டும். சர்வீஸில் 'இந்த நிலையென்றால்', 'இந்த நேரமென்றால்' என்று இஃப்கள் குவியத் தொடங்கினால், முன்பதிவு கிளாஸில் இருக்க வேண்டிய விதி வழி தவறி இங்கே வந்துவிட்டது என்று பொருள்.

சர்வீஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங் போன்ற ஃபிரேம்வொர்க்குகள் இயல்பாக ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரே ஓர் ஆப்ஜெக்டைத்தான் உருவாக்கும். எல்லா ரிக்வெஸ்ட்களும் அதைப் பகிர்ந்துகொள்ளும். நான் வேலை செய்த ஓரிடத்தில், இப்போது உள்ளே இருக்கும் பயனரை சர்வீஸின் ஃபீல்டாக வைத்திருந்தோம். தனியாகச் சோதித்தபோது எல்லாம் சரி. கூட்டம் கூடியபோது ஒருவருடைய முன்பதிவுகள் இன்னொருவருக்குத் தெரிந்தன. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று, ஏனென்றால் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் கணினியில் அது வரவே வராது. ரிக்வெஸ்டுக்கு உரியதை மெத்தடின் அளவுருவாக அனுப்புங்கள். சர்வீஸின் ஃபீல்டில் ரெப்பாசிட்டரி போன்ற மாறாத துணைகள் மட்டுமே இருக்கட்டும். பைத்தானில் இதற்கு ஒரு தம்பி உண்டு: கிளாஸ் மட்டத்தில் எழுதிய காலிப் பட்டியல் எல்லா ஆப்ஜெக்ட்களுக்கும் பொது. ஆப்ஜெக்டுக்கு ஆப்ஜெக்ட் தனியாக வேண்டுமென்றால் கன்ஸ்ட்ரக்டருக்குள் உருவாக்க வேண்டும்.

படி 6: இன்டர்ஃபேஸ், மாறும் இடத்தில் மட்டும்

உறுதியானதும் இமெயில் போக வேண்டும். சில மாதம் கழித்து எஸ்எம்எஸ். பிறகு மொபைல் ஆப்புக்கு நோட்டிஃபிகேஷன். இஃப் எழுதிக்கொண்டே போனால் ஒவ்வொரு புதிய வழிக்கும் பழைய நிரலைத் திறக்க வேண்டிவரும். இன்டர்ஃபேஸ் என்பது எந்த மெத்தட் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் ஒப்பந்தம். 'அறிவிப்பாளர்' என்ற இன்டர்ஃபேஸில் 'அனுப்பு' என்று ஒரே மெத்தட், அதை நிறைவேற்றும் கிளாஸ்கள் மூன்று. சர்வீஸுக்கு எது வந்திருக்கிறது என்று தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. பாலிமார்பிசம் என்ற பெரிய சொல்லுக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

சர்வீஸுக்குள் நீங்களே இமெயில் கிளாஸை உருவாக்காதீர்கள். கன்ஸ்ட்ரக்டர் வழியாக வெளியிலிருந்து வாங்குங்கள். டிபென்டென்சி இன்ஜெக்ஷன் என்பதன் சாரம் இதுதான், கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே முதலில் செய்து பாருங்கள். இதே முறையில் கடிகாரத்தையும் வெளியிலிருந்து வாங்குங்கள். மேலே 'ரத்துசெய்' மெத்தடுக்கு 'இப்போது' என்பதை அளவுருவாகக் கொடுத்ததை மறுபடி பாருங்கள். மெத்தட் தானே கணினியின் நேரத்தைக் கேட்டிருந்தால், 'தொடங்கிய கூட்டம்' என்ற நிலையை டெஸ்டில் உருவாக்குவது திண்டாட்டமாகியிருக்கும்.

எல்லாக் கிளாஸுக்கும் ஓர் இன்டர்ஃபேஸ் என்ற பழக்கம் மட்டும் வேண்டாம். ஒரே ஒரு செயலாக்கம்தான் இருக்கிறது, வேறொன்று வரும் அறிகுறியும் இல்லை, டெஸ்டுக்கும் தேவையில்லை என்றால், கிளாஸே போதும்.

படி 7: இன்ஹெரிட்டன்ஸ், கடைசியில்

ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறக்க வைப்பதுதான் இன்ஹெரிட்டன்ஸ். பாடங்களில் முதலில் வருவதை நான் கடைசிக்குத் தள்ளியது வேண்டுமென்றேதான். பேக்கெண்டில் மற்றவற்றைவிட இது குறைவாகவே தேவைப்படும், தவறாகப் போட்டால் கழற்றுவது கடினம். ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே உதாரணம் உண்டு. அதன் ஸ்டாக் கிளாஸ் வெக்டரிலிருந்து பிறந்தது. அதனால் மேலிருந்து மட்டுமே வைக்கவும் எடுக்கவும் வேண்டிய ஸ்டாக்கின் நடுவில் எதையும் செருக முடிகிறது. பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால் இன்றுவரை அப்படியே இருக்கிறது. கோ மொழி இன்ஹெரிட்டன்ஸையே வைத்துக்கொள்ளவில்லை, அதில் பெரிய பேக்கெண்ட்கள் நன்றாகவே ஓடுகின்றன.

நம் உதாரணத்தில் ஆசை காட்டும் இடம், வாராவாரம் திரும்ப வரும் கூட்டம். அதுவும் ஒரு வகை முன்பதிவுதானே, முன்பதிவிலிருந்து பிறக்க வைக்கலாம் என்று தோன்றும். 'ரத்துசெய்' என்றால் இங்கே என்ன? இந்த வாரத்தை மட்டுமா, இனி வரும் எல்லாவற்றையுமா? 'நேரம்' என்று கேட்டால் எந்த வாரத்தின் நேரம்? தாய் கிளாஸை நம்பி எழுதிய நிரல் குழந்தையிடம் போய்த் தடுமாறுகிறது. தாய் இருக்கும் இடத்தில் குழந்தையை வைத்தாலும் நிரல் சரியாக ஓட வேண்டும் என்பது பார்பரா லிஸ்கோவ் 1987-இல் ஓர் உரையில் முன்வைத்த கருத்து. இன்று அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். அந்தச் சோதனையில் இது தோற்கிறது. 'தொடர்' என்று தனிக் கிளாஸ் எழுதி, அதற்குள் பல முன்பதிவுகளை வையுங்கள். பிறப்பு உறவுக்குப் பதில் உடைமை உறவு. பெரும்பாலான நேரம் அதுவே போதும்.

படி 8: டேபிளும் ஆப்ஜெக்டும் ஒன்றல்ல

ஓஆர்எம் கருவிகள் வசதியானவை, ஆனால் நீங்கள் கட்டிய வேலியைத் தாண்டும் சந்துகள் அவற்றில் உண்டு. ஜாவாவின் ஓஆர்எம் தரமான ஜேபிஏ, அளவுரு இல்லாத கன்ஸ்ட்ரக்டர் ஒன்றைக் கேட்கும். அதைப் பப்ளிக்காக விட்டால், சரிபார்ப்பில்லாத முன்பதிவை யாரும் உருவாக்கலாம். புரொடெக்டட் போதும், அதையே வையுங்கள். பைத்தானின் ஜாங்கோ ஃபிரேம்வொர்க்கில் சேமிக்கும் மெத்தட் தானாக முழுச் சரிபார்ப்பை ஓட்டாது, குவரிசெட் வழியாக மொத்தமாகப் புதுப்பித்தால் சேமிக்கும் மெத்தடே அழைக்கப்படாது. விதியை எங்கே எழுதினீர்களோ, அந்த வழியாகத்தான் எல்லாத் தரவும் போகிறதா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.

இன்னொன்று வேகம். 100 முன்பதிவுகளை எடுத்து, லூப்புக்குள் ஒவ்வொன்றின் அறைப் பெயரையும் கேட்டால், கருவி உங்களுக்குத் தெரியாமல் 101 குவரி அனுப்பக்கூடும். நிரலைப் பார்த்தால் தெரியாது. அது அனுப்பும் எஸ்கியூஎல்லை லாகில் காட்டும் அமைப்பை முதல் நாளே போட்டுவிடுங்கள். அறையையும் சேர்த்தே ஒரே குவரியில் எடுக்கும் வழி எல்லா முக்கியக் கருவிகளிலும் உண்டு. வெறும் அறிக்கைக்காகப் படிப்பதென்றால் ஆப்ஜெக்டே வேண்டாம், நேராக எஸ்கியூஎல் எழுதலாம். படிக்கும்போது உடையக்கூடிய விதி எதுவும் இல்லை.

படி 9: டெஸ்ட் சொல்வதைக் கேளுங்கள்

ரத்தானதை உறுதிசெய்ய முடியாது என்பதற்கு டெஸ்ட் எழுதுங்கள். முன்பதிவு ஒன்றை உருவாக்கு, ரத்துசெய், உறுதிசெய்ய முயன்றால் பிழை வர வேண்டும். நான்கு வரியில் முடிய வேண்டும், டேட்டாபேஸே தேவைப்படக் கூடாது. அதற்குப் பதில் ஐந்து மாக் (போலி) ஆப்ஜெக்ட்களைத் தயாரிக்க வேண்டியிருந்தால், டெஸ்டில் கோளாறு தேடாதீர்கள். விதி தவறான கிளாஸில் இருக்கிறது. ரெப்பாசிட்டரிக்கு நினைவகத்தில் ஓடும் எளிய பதிப்பு ஒன்றை எழுதி வைத்துக்கொண்டால் சர்வீஸின் டெஸ்ட்களும் வேகமாக ஓடும். டேட்டாபேஸைத் தொடும் டெஸ்ட்கள் சில மட்டும், அதில் படி 4-இன் இரண்டு திரெட் சோதனை கட்டாயம் இருக்கட்டும்.

சாலிட் என்ற ஐந்து வடிவமைப்பு விதிகளையும், அடிக்கடி வரும் சிக்கல்களுக்குப் பெயரிட்ட தீர்வுகளான டிசைன் பேட்டர்ன்களையும் எப்போது படிப்பது என்று கேட்பார்கள். இதெல்லாம் எழுதி முடித்த பிறகு. அப்போது 'இதை நான் ஏற்கெனவே செய்திருக்கிறேன், இதற்குப் பெயர் இதுவா' என்று தோன்றும். அறிவிப்பாளர் இன்டர்ஃபேஸ் என்பது ஸ்ட்ராட்டஜி என்ற பேட்டர்ன் என்று தெரியவரும். முன்னாலேயே படித்தால், பெயரைப் பொருத்த இடம் தேடி அலைய நேரும்.

கடைசிப் பயிற்சி

உங்கள் சேவை ஓடுகிறதா? இப்போது அதை ஒரு வாரம் தொடாமல் வையுங்கள். பிறகு இந்த நான்கு மாற்றங்களையும் ஒவ்வொன்றாகக் கொண்டுவாருங்கள்: கூட்டங்களுக்கு நடுவில் 15 நிமிட இடைவெளி, ஆனால் பெரிய அறைகளுக்கு 30. தொடங்க இரண்டு மணி நேரத்துக்குள் ரத்து செய்ய முடியாது, பொறுப்பாளர் மட்டும் செய்யலாம். எஸ்எம்எஸ் வழியாகவும் அறிவிப்பு. வாராவாரத் தொடர், அதில் ஒரே ஒரு வாரத்தை மட்டும் நீக்கும் வசதியோடு.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் எத்தனை ஃபைல்களைத் தொட்டீர்கள் என்று எழுதிவையுங்கள். படி 1-இல் கிளாஸ் இல்லாமல் எழுதியதை அழிக்காமல் வைத்திருப்பீர்கள். அதே நான்கு மாற்றங்களை அதிலும் செய்து, அந்த எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதுங்கள். ஏதாவது ஒரு மாற்றத்தில் கிளாஸ் வைத்த பதிப்பில் எண்ணிக்கை கூடியிருந்தால், அங்கே எந்த விதி எந்தக் கிளாஸில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 30 நிமிட அறைகள்தான் சிக்கவைக்கும், ஏனென்றால் இடைவெளியின் அளவு நேரத்துக்குச் சொந்தமா, அறைக்குச் சொந்தமா என்ற கேள்வியை அது கிளப்பும். அறைக்கு என்பது என் முடிவு. நேரஇடைவெளிக்கு 'இத்தனை நிமிடம் நீட்டிக் கொடு' என்ற மெத்தட் மட்டும் போதும், எத்தனை நிமிடம் என்பதை அட்டவணை தன் அறையிடம் கேட்டுக்கொள்ளும்.